பவர் விண்டோ நின்றால் மோட்டார் மேல் பழி போடாதீர்கள்

டாப் திறக்கும் பழைய காரில் கண்ணாடி ஏறவில்லை என்றதும் "மோட்டார் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் எனக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. 1960களின் அமெரிக்க வண்டி என்றால் அந்த மோட்டாரைக் கடல் கடந்துதான் வரவழைக்க வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

இருட்டியதும் உள்விளக்கைப் போட்டு, விண்டோ சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. காய்ந்த கிரீஸோ, இறுகிய ரப்பரோ, கண்ணாடியை ஏற்றி இறக்கும் விண்டோ மெஷின் வளைந்ததோ அதைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கலாம். விளக்கு அசையவே இல்லையா? பியூஸ், சுவிட்ச், ஒயர், எர்த் என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் கடைசிதான்.

இதில் அதிகம் ஏமாற்றுவது கதவுக் கீல் பக்கம் போகும் ஒயர். கதவைத் திறந்து மூடி, மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மோட்டார் கரண்ட் இழுத்து லோடு ஏறினால் அந்த வோல்ட் விழுந்துவிடும். அதனால் நான் 21 வாட் பல்பை மாட்டித்தான் பார்ப்பேன். சுவிட்சை அழுத்தியபடி கதவை மெல்ல ஆட்டும்போது கண்ணாடி துள்ளினால், கோளாறு அங்கேதான்.

இன்னொன்று. பல வண்டிகளில் பக்கத்துக் கதவு மோட்டாரின் எர்த், டிரைவர் பக்கத்து மெயின் சுவிட்ச் வழியாக வரும். பக்கத்துக் கண்ணாடிக்கு டிரைவர் கதவைத் திறக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் டாப்பைத் திறந்துவிட்டு ஏறுவது தனி சுகம், மறுக்கவில்லை. ஆனால் மேலே பனியும் தூறலும் கதவிலிருக்கும் சுவிட்சில் நேராக இறங்கும். கதவுக்கு அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, டெர்மினலில் பச்சை பூக்கும். மலைக்குப் போய்வந்ததும் துளைகளைக் குத்திவிடுங்கள். இந்த வண்டிகளில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டமும் கிடையாது. டாப்பின் ரப்பரில்தான் போய் உட்காரும். டாப்பை இறக்கினால் லேசாக ஏறி, மூடினால் திணறுகிறதா? கண்ணாடியின் செட்டிங்கைச் சரி செய்யுங்கள், மின்சாரத்தைத் தொட வேண்டாம்.

அப்புறம், தயவுசெய்து பெரிய பியூஸ் போடாதீர்கள். ஒயர் எரிந்து வண்டியே போய்விடும். கண்ணாடியைக் கட்டி நிறுத்தாமல் மோட்டாரைக் கழற்றவும் கூடாது. மெஷினின் ஸ்பிரிங் விடுபட்டால் விரலை நசுக்கிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். இந்தக் கால வண்டிகள் பலவற்றில் இருப்பதுபோல், தடை பட்டதும் கண்ணாடி தானாக இறங்கும் வசதி இவற்றில் இல்லை. சாவியை எடுத்த பிறகும் சுவிட்ச் வேலை செய்யும் வண்டிகள் உண்டு. அப்படி ஒன்று வந்தால், சாவி போட்டால் மட்டும் கரண்ட் போகும்படி ஒரு ரிலே வைத்துவிடலாமா என்று, உரிமையாளர் கேட்காவிட்டாலும் நானே கேட்டுவிடுவேன்.