மதுரைக்கு ஒரு மாதிரி ஆண்டு

மதுரையில் ஒரு மருத்துவமனையோ கல்லூரி விடுதியோ எழும்புவதற்கு முன்பே, அதன் ஏசிக்கு ஆண்டு முழுவதும் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதையும், மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதித்தால் அச்செலவு எவ்வளவு குறையும் என்பதையும் இன்று கணினியில் கணித்துவிடலாம். எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருள்கள் சுவர், கூரை, சன்னல் வழியாக வெப்பம் நுழைவதை மணிக்கு மணி கணக்கிடுகின்றன. அதற்கு அந்த ஊரின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு ஆகியவை ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வேண்டும். அவற்றை எந்த ஆண்டிலிருந்து எடுப்பது?

சென்ற ஆண்டின் பதிவைக் கொடுத்தால், அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருக்கலாம், அல்லது சித்திரை வெயில் வழக்கத்தைவிடத் தணிந்திருக்கலாம். முப்பது ஆண்டுகளின் சராசரியைக் கொடுப்பது இதைவிடத் தவறானது. மே மாதத்தில் சில பிற்பகல்கள் கொளுத்துகின்றன. சில, கோடை இடியுடன் இருண்டு குளிர்கின்றன. இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் மிதமான பிற்பகல் மதுரையின் மே மாதத்தைக் காட்டாது. மேலும், கனமான சுவர்கள் வெப்பத்தைச் சேர்த்துவைத்து மெதுவாக வெளிவிடுவதால், தொடர்ந்து நான்கு நாள் வெயில் அடிப்பதும், அதே நான்கு நாள்கள் மாதம் முழுவதும் சிதறிக் கிடப்பதும் கட்டடத்துக்கு ஒன்றல்ல.

இதற்கு 1978இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் வகுத்த வழியே பெரும்பாலான இன்றைய முறைகளுக்கு அடிப்படை. அது ஆண்டைத் தேடாமல் மாதத்தைத் தேடுகிறது. கையிலிருக்கும் எல்லா சனவரிகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நாள்தோறும் பதிவான வெப்பநிலை, பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), காற்றின் வேகம், கதிர்வீச்சு ஆகியவை எந்த அளவில் எத்தனை நாள் இருந்தன என்ற பரவலை வரைந்து, நீண்டகாலப் பரவலோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஃபிங்கல்ஸ்டைன்–ஷேஃபர் அளவை என்னும் ஓர் எண்ணாகச் சுருக்குகிறார்கள். வேறுபாடு மிகக் குறைந்த ஐந்து சனவரிகளில், தொடர்ச்சியான வெப்ப நாள்களும் குளிர் நாள்களும் இயல்பாக அமைந்த ஒன்று தேர்வாகிறது. இப்படிப் பன்னிரண்டு மாதங்களும், பெரும்பாலும் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்டு ஒன்றாகின்றன. மாதங்கள் சேரும் இடத்தில் திடீர்த் தாவல் வராதபடி இருபுறமும் ஆறு மணி நேரத்தைச் சமன்செய்கிறார்கள். பிப்ரவரி 29 விடப்படுகிறது. ஆக, இந்த ‘மாதிரி ஆண்டு’ புனையப்பட்டது. ஆனால் அதன் ஒவ்வொரு மாதமும் உண்மையிலேயே நடந்தது.

ஒப்பிடும்போது வெப்பநிலை, காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு எடை, அதாவது முக்கியத்துவம், என்பதில்தான் முறையின் உயிர் இருக்கிறது. சாண்டியா முறை மொத்த எடையில் பாதியைக் கதிர்வீச்சுக்குக் கொடுத்தது. பின்னர் அமெரிக்கத் தரவுகளைப் புதுப்பித்தவர்கள், 1982, 1991 எரிமலை வெடிப்புகளை அடுத்து நேரடி வெயில் மங்கியிருந்த காலத்தையே தேர்விலிருந்து விலக்கினார்கள். மதுரைக்கும் இந்தக் கவனம் தேவை. ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சத்தில் இருக்கும் இவ்வூரில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்குச் சுவர் மீதும் நண்பகல் வெயில் விழுகிறது. ஆனால் கதிர்வீச்சை மணிக்கு மணி அளக்கும் நிலையங்கள் குறைவு என்பதால், பல ஊர்களுக்கு அதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்தோ மேகமூட்டத்திலிருந்தோ கணித்தே நிரப்புகிறார்கள். வெப்பநிலைப் பிழையைவிட இந்தப் பிழையையே நான் அதிகம் அஞ்சுவேன். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அதன் காரணம் தெரியும்.

அளக்கும் இடமும் முக்கியம். விமான நிலையம் போன்ற திறந்தவெளியில் பதிவாகும் இரவு வெப்பநிலை, நெருக்கமாகக் கட்டடங்கள் நிற்கும் மாசி வீதிகளின் இரவுக்குப் பொருந்தாது. பகலில் கான்கிரீட்டும் தாரும் உறிஞ்சிய வெப்பம் அங்கே இரவெல்லாம் கசிகிறது. இரவுக் காற்றை நம்பிச் சன்னல்களைத் திட்டமிடுபவர் இதற்குத் திருத்தம் செய்தாக வேண்டும்.

மாதிரி ஆண்டு உச்ச வெயிலைச் சொல்லாது. அதற்காக அது உருவாக்கப்படவுமில்லை. ஏசியின் கொள்ளளவைத் தீர்மானிக்க, ஆண்டில் சுமார் 35 மணி நேரம் மட்டுமே மிஞ்சப்படும் வெப்பநிலையைத் தனியாகக் கணக்கிட்டுப் பயன்படுத்துகிறார்கள். பழைய ஆண்டுகளிலிருந்து எடுத்த மாதங்கள், ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் கட்டடத்துக்குக் குளிர்ச்சியான கணக்கைத் தந்துவிடும். ஆகவே வருங்காலக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் காட்டும் மாதவாரி மாற்றத்தை மாதிரி ஆண்டின் ஒவ்வொரு மணியோடும் கூட்டியும் விரித்தும் வருங்காலக் கோப்புகளை உருவாக்குகிறார்கள். அவற்றில் நாள்களின் வரிசை பழையபடியே இருப்பதால், வெப்ப அலைகள் நீளுமா என்பதற்கு அவற்றில் விடை தேட முடியாது.