புது விண்டோஸ், பழைய ஹார்ட் டிஸ்க்

விண்டோஸ் 11-க்கு என்னென்ன வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்த பட்டியலில் ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம்) 4 ஜிபி, சேமிப்பிடம் 64 ஜிபி என்று இருக்கிறது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது குறைந்தபட்ச ரேம் 64 எம்பி. 20 ஆண்டில் 64 மடங்கு ஏறியிருக்கிறது. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, இவ்வளவு இருந்தால் நிறுவலாம் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. நிம்மதியாக வேலை பார்க்க முடியுமா என்பது தனிக் கேள்வி.

கணினி வாங்கப் போனால் பிராசஸர் ஐ3-யா ஐ5-ஆ என்றுதான் முதலில் கேட்கிறோம். என்னிடம் ஐ5 லேப்டாப் ஒன்று இருந்தது. 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அம்புக்குறி சுற்றிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசஸர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும்.

காரணம் ஹார்ட் டிஸ்க்கின் உடம்பிலேயே இருக்கிறது. லேப்டாப்பில் வருகிற ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. ஒரு தகவல் வேண்டுமென்றால், அதைப் படிக்கும் முனை முதலில் சரியான தடத்துக்கு நகர வேண்டும். அப்புறம் தட்டு சுழன்று அந்த இடம் முனைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்துச் சராசரியாக 15 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு வினாடிக்கு 60, 70 இடங்களைத்தான் தொட முடியும். ஒரு சினிமாவைத் தொடர்ச்சியாகப் படிப்பதற்கு இது போதும், ஏனென்றால் தகவல் வரிசையாகக் கிடக்கிறது. இயங்குதளம் தொடங்கும்போது படிப்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள், அதுவும் தட்டு முழுக்கச் சிதறிக் கிடப்பவை.

தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. எந்த இடத்தில் இருந்தாலும் 0.1 மில்லிவினாடி அளவில் தகவல் வந்துவிடும். ரேம் இன்னும் வேகம், சுமார் 100 நானோவினாடி. இந்த எண்கள் மனதில் நிற்காது, அதனால் ரேமின் நேரத்தை 1 வினாடியாக நீட்டிப் பார்ப்போம். அடுப்படியில் நின்றபடியே அஞ்சறைப்பெட்டியில் கடுகு எடுக்கிற நேரம் அது. அதே கணக்கில் எஸ்எஸ்டிக்கு 17 நிமிடம், தெருமுனைக் கடைக்குப் போய்க் கடுகு வாங்கி வரலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு 41 மணி நேரத்துக்கு மேல். அதற்குள் சென்னையில் ரயிலேறித் தில்லிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

ரேம் பற்றாக்குறை இங்கேதான் வந்து சேர்கிறது. ரேம் நிறைந்தால் கணினி நின்றுவிடாது. அப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களை (ரேமில் இருக்கும் தகவல் துண்டுகளை) விண்டோஸ் முதலில் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். அதுவும் போதாவிட்டால் டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். நீங்கள் பிரவுசரில் பழைய டேப் ஒன்றைத் தொட்டதும் அந்தப் பக்கங்கள் திரும்பி வர வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தில்லிப் பயணம்தான். குறைவான ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தால் தொல்லை வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. என் லேப்டாப்பில் 240 ஜிபி எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டேன். அதே ஐ5, 20 வினாடியில் திரை வந்துவிட்டது. இன்றைக்கு என்னைக் கேட்டால் 8 ஜிபிக்குக் கீழே விண்டோஸ் 11 வேண்டாம், பிரவுசரில் நிறைய திறந்து வைப்பவருக்கு 16 என்பேன்.

அப்படியும் அந்த லேப்டாப் மைக்ரோசாஃப்ட் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறது. இன்டெல் என்றால், சில விலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறை பிராசஸரும் அதற்குப் பிந்தையவையும்தான் அதில் உண்டு. இந்த நிபந்தனைக்குப் பின்னால் இருப்பது பாதுகாப்பு. கணினியின் உட்கருவான கெர்னலில் கள்ள நிரல் நுழையாமல் காவல் காக்கிற வேலையை விண்டோஸ் 11 மெய்நிகராக்கத்தை (கணினிக்குள்ளேயே தனிக் கணினி போன்ற ஒரு பகுதியைப் பிரித்து வைக்கும் முறையை) வைத்துச் செய்கிறது. அதற்கு உதவும் ஒரு வசதி இன்டெலின் 7-ஆம் தலைமுறையிலிருந்துதான் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. பழைய பிராசஸர் அதை மென்பொருளால் ஈடுகட்ட வேண்டும், வேகம் குறையும். பட்டியலில் கேட்கப்படும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் அப்படித்தான். பூட் ஆகும்போது ஒவ்வொரு கட்ட நிரலின் கைரேகையையும் அது பதிவு செய்துகொள்கிறது. யாராவது இடையில் நிரலை மாற்றியிருந்தால் கைரேகை பொருந்தாது, மறையாக்கம் செய்து பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் சாவியை அது தராது. கணினியில் டிபிஎம் இல்லை என்று செய்தி வந்தால் உடனே நம்ப வேண்டாம். பல மதர்போர்டுகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயோஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரைக்குள்) போய் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யலாம்.

காரணம் நியாயமானதுதான். ஆனாலும் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகள் ஓரங்கட்டப்படுவது எனக்கு வருத்தம்தான். எஸ்எஸ்டி போட்ட அப்படிப்பட்ட கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள், இன்னும் சில வருடங்களுக்குத் தாராளமாக ஓடும்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரேம் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா, போர்டோடு சால்டர் செய்ததா? மெலிதான லேப்டாப்களில் பெரும்பாலும் சால்டர்தான். அதில் 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான்.