கல்விக் கடன் தள்ளுபடி ஆகவில்லை, யாரோ சொன்னதை நம்பாதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா கிளைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் நான்காக மடித்த மக்கள் நீதிமன்ற நோட்டீஸ், ஓரம் கிழிந்த பாஸ்புக், பையனின் ஒரிஜினல் மார்க் ஷீட் ஒரு கட்டு. மார்க் ஷீட் எதற்கு என்று கேட்கவில்லை, வங்கி என்றாலே வீட்டில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வருவது நம் ஊர் வழக்கம். "மேடம், இந்தக் கடன்தான் தள்ளுபடி ஆயிடுச்சே, மறுபடியும் எதுக்கு அனுப்புறீங்க?" என்றார். கோபம் கூட இல்லை. நாங்கள் ஏதோ ஞாபகமறதியில் அனுப்பிவிட்டோம், சொன்னால் சரியாகிவிடும் என்ற மாதிரி ஒரு முகம்.

யார் சொன்னது என்று கேட்டேன். ஊரில் ஒருவர் 'தள்ளுபடி ஃபாரம்' போட்டுக் கொடுத்து 3,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அதன் ஜெராக்ஸையும் எடுத்து நீட்டினார். பெறுநர், பொருள், ஐயா என்று டைப் அடித்த ஒரு பக்கக் கடிதம். எந்த அலுவலகமும் வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீல் கூட அதில் இல்லை. பையன் 2019ல் இன்ஜினியரிங் முடித்தவன், வாங்கியது 4 லட்சம், இன்று நிற்பது கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு.

கடன் பிரிவில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மாதத்துக்கு நாலைந்து பேராவது இதே கதையோடு வருகிறார்கள். அதனால் ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன், அடுத்து வருபவருக்கு லிங்க் அனுப்பலாம்.

முதலில் ஒன்று. 'அரசாங்கக் கடன்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் அரசாங்கத்தின் பணம் ஒரு ரூபாய் கூட உங்கள் கல்லூரிக்குப் போவதில்லை. கடன் கொடுப்பது வங்கி. அந்தப் பணம் யாருடையது? பக்கத்துத் தெருக்காரர் போட்ட பிக்சட் டெபாசிட், ரிட்டையர் ஆன வாத்தியாரின் சேமிப்பு. விதிமுறையை வகுத்தது இந்திய வங்கிகள் சங்கம், விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி போர்ட்டல் 2015 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடங்கியது, வட்டியில் ஒரு பகுதியைச் சில குடும்பங்களுக்கு அரசு ஏற்கிறது. பிரதமர் பெயரில் திட்டம் இருக்கிறது, போர்ட்டலில் அரசு முத்திரை இருக்கிறது, ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் எதிர்த்தரப்பு வங்கி மட்டும்தான். வங்கிக்கு வர வேண்டிய அசலை ஒரு அமைச்சர் மேடையில் பேசியதால் நாங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது. அந்தப் பணத்தை யாராவது வங்கிக்குக் கட்டினால்தான் கணக்கு முடியும்.

சரி, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மக்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 2008ல் மத்திய அரசு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கூட்டுறவு வங்கிப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்தார்கள், அப்புறம் கூட்டுறவில் வைத்த 5 சவரன் வரையிலான நகைக் கடன். பக்கத்து வீட்டு நகை திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தவருக்கு, நம் கல்விக் கடனும் ஒருநாள் போய்விடும் என்று தோன்றாமல் இருக்குமா? தேர்தலுக்குத் தேர்தல் கல்விக் கடன் ரத்து என்ற வாக்குறுதியும் காதில் விழுகிறது. ஆனால் அந்தத் தள்ளுபடிகள் எல்லாவற்றிலும் அரசு அந்தத் தொகையைத் தானே ஏற்பதாக ஆணை போட்டது, எந்தத் தேதிக்கு முந்தைய கடன், எவ்வளவு வரை என்று அதில் எழுதியிருந்தது. கல்விக் கடனில் அப்படி நடந்தது 2014 இடைக்கால பட்ஜெட்டில். 2009 மார்ச் 31 வரை வாங்கிய கடன்களுக்கு, 2013 டிசம்பர் 31 அன்று நின்ற நிலுவை வட்டியை மட்டும் மத்திய அரசு ஏற்றது. வட்டி. அசல் இல்லை. அதையும் 'கல்விக் கடன் தள்ளுபடி' என்றே ஊர் பேசியது.

இதைவிட என்னைக் கடுப்பேற்றுவது 'கேரண்டி' கதை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்கிறோமே, அதற்கு 2015லிருந்து அரசின் கடன் உத்தரவாத நிதி ஒன்று இருக்கிறது. கடன் வராமல் போனால் வங்கிக்கு 75 சதவீதம் அதிலிருந்து வரும். ஒரு தம்பி, நன்றாகப் படித்தவன், இதை யூடியூபில் பார்த்துவிட்டு வந்து, "அரசாங்கம்தான் உங்களுக்கு 75 சதவீதம் கொடுத்துடுமே, மிச்ச 25 மட்டும் கட்டுறேன்" என்றான். தம்பி, அது வங்கிக்கான காப்பு. உனக்கானது இல்லை. அந்தப் பணம் வந்த பிறகும் நீ முழுக் கடனுக்கும் பொறுப்பு, உன்னிடம் வசூலித்து அந்த நிதிக்கு அதன் பங்கைத் திருப்பிக் கொடுப்பதும் எங்கள் வேலைதான்.

இப்போது உண்மையிலேயே கிடைப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் கிடைக்காததற்கு 3,000 கொடுப்பவர்கள் கிடைப்பதை விட்டுவிடுகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்பு படித்தால், படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் ஏறும் முழு வட்டியையும் மத்திய அரசு கட்டும். 2009லிருந்து இருக்கும் திட்டம் இது. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமியில், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் (தொடங்கும்போது 860) இடம் கிடைத்தவர்களுக்குச் சொத்து அடமானம், ஜாமீன் இரண்டும் கேட்காமல் கடன். வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், வேறு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை, வருடத்துக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு.

இந்த வட்டி மானியம் தானாக வராது. வட்டாட்சியர் வருமானச் சான்று வேண்டும். ஆதார் பெயரும் மார்க் ஷீட் பெயரும் ஒத்துப்போக வேண்டும் (ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், இதிலேயே எத்தனை பேருக்கு மாதக்கணக்கில் நின்றிருக்கிறது என்று கேளுங்கள்). கிளையில் சான்றைக் கொடுத்துவிட்டு க்ளெய்ம் போட்டாயிற்றா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். நடுவில் படிப்பை விட்டால் மானியம் கிடையாது, மருத்துவக் காரணம் இருந்தால் தவிர. ஒருவருக்கு ஒருமுறைதான், இளநிலைக்கோ முதுநிலைக்கோ.

மானியம் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. வருடம் ஒரு லட்சம் வீதம் நாலு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலத்தில் தனி வட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி (படிப்பு நாலு, தவணை தொடங்கும் முன் ஒன்று) 50,000, அடுத்ததுக்கு 40,000, அப்புறம் 30,000, கடைசிக்கு 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் நிற்பது 5,40,000. பத்து வருடத் தவணை என்றால் மாதம் 7,100க்குச் சற்று மேல். அதே ஆள் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்திருந்தால், முதல் வருடம் மாதம் 833 ரூபாய், இரண்டாம் வருடம் 1,667, இப்படிப் போயிருக்கும், முடிவில் தவணை 5,300க்குள் அடங்கியிருக்கும். சில வங்கிகள் இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் செய்யும், கேளுங்கள். "படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்று எங்கள் ஆட்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கட்ட வேண்டாம் என்பது சரி, வட்டி ஏறவே ஏறாது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அடுத்தது, 'வேலை கிடைத்த பிறகுதான் கட்டணும்' என்பது. இல்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம், அவ்வளவுதான், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடும். ஆனால் யாருமே கேட்காத ஒன்று இருக்கிறது: வேலை இல்லை, அல்லது சம்பளம் போதவில்லை என்றால், தவணையைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்க வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இடம் உண்டு, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை வரை. மேற்படிப்புக்குப் போனாலும் தவணையைத் தள்ளலாம். 15 வருடம் வரை நீட்டலாம். இதற்கெல்லாம் நீங்கள் கணக்கு கெடுவதற்கு முன் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். 90 நாள் தாண்டி வாராக் கடனாகிவிட்டால் பிறகு என் கையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குள் சிபிலில் (யார் கடனை எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் நிறுவனம்) ஏறிவிடும், பையன் பெயரில் மட்டுமில்லை, சேர்ந்து கையெழுத்துப் போட்ட அப்பா பெயரிலும். தங்கைக்கு லோன் கேட்டு வரும்போதுதான் அது தெரியவரும், அப்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், சக ஊழியர்கள் திட்டினாலும் பரவாயில்லை. 4 லட்சம் வரை சொத்து அடமானமோ வெளியாள் ஜாமீனோ கேட்கக் கூடாது. 'உங்க ஏரியா எங்க கிளையில வராது' என்று அதை மட்டும் காரணமாக வைத்துத் திருப்பி அனுப்பக் கூடாது. நிராகரித்தால் மேலதிகாரி ஒப்புதலோடு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாக 'முடியாது' என்றால், எழுதிக் கொடுங்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். பாதி இடத்தில் அதைக் கேட்டதும் உட்காரச் சொல்வார்கள்.

கடன் வாங்கும் முன், வாங்காமல் தப்பிக்க வழி இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போனால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இதெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டாதது. முழுக் கட்டணத்துக்கும் லோன் எடுத்துவிட்டு உதவித்தொகைப் பணத்தில் போன் வாங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மற்றபடி: கையெழுத்துப் போடும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், கடன்காரர் அவர்தான். சாங்ஷன் லெட்டரைப் படியுங்கள், புரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். போன் நம்பர், வீடு மாறினால் சொல்லுங்கள். வருமான வரி கட்டுபவர் பழைய வரி முறையில் இருந்தால் இந்த வட்டிக்குக் கழிவு உண்டு, எட்டு வருடம் வரை. மக்கள் நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள், அங்கே வட்டியைக் குறைத்துப் பேசி முடிக்கலாம். ஆனால் குறைத்து முடித்த கணக்கு சிபிலில் 'செட்டில்டு' என்று நிற்கும், முழுசாகக் கட்டி முடித்த கணக்குபோல நிற்காது, அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து, கொடுக்காதீர்கள்.

அந்த அம்மாவிடம் இத்தனையும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, பையனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னேன். பையன் எடுத்தான். ஓசூரில் வேலை, 22,000 சம்பளம், அம்மா மூவாயிரம் கொடுத்ததே அவனுக்குத் தெரியாது. "கட்டுறேன் மேடம், எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க, சனிக்கிழமை வரேன்" என்றான். அது நாலாவது சனிக்கிழமை, வங்கி லீவு. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.