1,200 கலோரி எல்லோருக்கும் பொருந்துமா? எடை குறைக்கும் முன் செய்யவேண்டிய கணக்கு

எடையைக் குறைக்க விரும்பி என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஓர் எண்ணை முடிவுசெய்துகொண்டே வருகிறார்கள். அது தொலைபேசிச் செயலி கொடுத்த 1,200 கலோரியாக இருக்கும்; அல்லது வெளிநாட்டிலுள்ள உறவினர் சொல்லிவிட்ட 1,000 கலோரியாக இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் புடைவைக் கடையொன்றில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் 24 வயது இளைஞரும், கொட்டாஞ்சேனையில் மாடிவீட்டில் பெரும்பாலும் அமர்ந்தே இருக்கும் 66 வயது அம்மாவும் அதே எண்ணைத்தான் சொல்கிறார்கள். இந்த இருவரின் உடலும் ஒரு நாளில் செலவிடும் சக்தியில் 1,000 கலோரிக்கு மேற்பட்ட வித்தியாசம் இருக்கக்கூடும்.

தேவையைக் கணிப்பதற்கு இன்று அதிகம் பயன்படுவது, 1990இல் வெளியான மிஃப்லின்–சென் ஜோர் சமன்பாடு. கிலோகிராமில் எடையை 10ஆல் பெருக்கி, சென்ரிமீற்றரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்கவேண்டும். பின்னர் ஆணாயின் 5ஐக் கூட்டவும் பெண்ணாயின் 161ஐக் கழிக்கவும் வேண்டும். கிடைப்பது, முழு ஓய்வில் இருக்கும்போது உடல் ஒரு நாளில் செலவிடும் சக்தியாகும். நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர் அதை 1.2ஆலும், சிறிதளவு நடமாட்டம் உள்ளவர் 1.375ஆலும், நன்கு உடலுழைப்பவர் 1.55ஆலும் பெருக்கினால், எடை கூடாமலும் குறையாமலும் இருக்கத் தேவையான அளவு தெரியவரும்.

கொழும்பு வங்கியொன்றில் பணிபுரியும் 42 வயதுப் பெண்ணொருவரை எடுத்துக்கொள்வோம். அவரது உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 72 கிலோ. ஓய்வுநிலைச் செலவு ஏறத்தாழ 1,340 கலோரி. மேசை வேலை என்பதால் 1.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,600. எல்லோருக்கும் சொல்லப்படுவதுபோல அதிலிருந்து 500ஐக் கழித்தால் மிஞ்சுவது 1,100. மருத்துவக் கண்காணிப்பு இன்றிப் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே போகவேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. பெரிய உடலமைப்பு உள்ள ஒருவருக்குப் பொருந்தும் 500 என்ற கழிவு, நம்மவரில் உயரம் குறைந்த, அமர்ந்து வேலை செய்யும் பெண்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அவர்கள் அதைத் தாங்கமுடியாமல் மூன்றாவது கிழமையில் கைவிட்டுவிட்டு, தமக்கு மனவுறுதி இல்லையென்று தம்மையே நொந்துகொள்வதைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. குறை அவர்களிடம் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது.

இவருக்கு நான் பரிந்துரைப்பது 300 கலோரிக் கழிவு, அதாவது நாளொன்றுக்கு 1,300 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதாகக் கொண்டால், மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறையும். கேட்பவருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் இரத்தச் சீனியிலும் நல்ல மாற்றம் ஏற்படுகிறது. இவருக்கு அது 3.6 முதல் 7.2 கிலோவரை மட்டுமே.

அந்த 300ஐ எங்கே கண்டுபிடிப்பது? நம் வீடுகளில் அது பெரும்பாலும் கோப்பையிலும் சட்டியிலும் ஒளிந்திருக்கிறது. இரண்டு தேக்கரண்டி சீனியும் குவித்த இரண்டு தேக்கரண்டி முழு ஆடைப் பால்மாவும் சேர்ந்த ஒரு பால் ரீயில் ஏறத்தாழ 90 கலோரி உண்டு. அலுவலகத்தில் நான்கு முறை குடித்தால் 360. அதில் சீனியை மட்டும் விட்டாலே ஏறத்தாழ 160 மிச்சம். இரவுச் சோற்றில் 100 கிராமைக் குறைத்தால் இன்னும் 130. இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: செயலியில் பதியும்போது வேகாத அரிசிக்கான எண்ணையும் வெந்த சோற்றுக்கான எண்ணையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 360 கலோரி. அது வெந்து தண்ணீரை உறிஞ்சியபின் 100 கிராம் சோற்றில் 130 மட்டுமே.

எண்ணெயையும் தேங்காயையும் கணக்கில் சேர்க்க எவருமே விரும்புவதில்லை. உணவுப் பதிவேட்டில் 'கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு கரண்டி' என்று எழுதியிருப்பார்கள்; கத்தரிக்காய் பொரித்தபோது குடித்த எண்ணெய் அதில் தெரியாது. ஆகவே தட்டைவிட்டு வீட்டைக் கணக்கிடச் சொல்வேன். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லீற்றர் தேங்காயெண்ணெய் முடிகிறதென்றால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி அந்தப் போத்தலிலிருந்து மட்டும் போகிறது. அரை மூடி துருவினால் வரும் தேங்காய்ப்பூவைத் தராசில் வையுங்கள். 120 கிராம் என்றால் அது 425 கலோரி. சம்பலை விட்டுவிடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. அரை மூடியில் அரைத்த சம்பலை இருவர் சாப்பிடுகிறார்களா, ஐவர் சாப்பிடுகிறார்களா என்பதைத்தான் கேட்கிறேன்.

எழுதுவதைவிட அதிகமாக உண்பது மனித இயல்பு. குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று கூறியவர்களை ஆராய்ந்து 1992இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வெளியான ஆய்வில், அவர்கள் உண்மையில் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தே பதிந்திருந்தது தெரியவந்தது. அவர்களைப் பொய்யர்கள் என்று நினைப்பது பெரும் பிழை. கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும்.

உடற்பயிற்சிக் கணக்கில் வேறொரு சிக்கல் உண்டு. மாலையில் மரைன் டிரைவில் நடக்கிறேன் என்று 1.2க்குப் பதிலாக 1.55ஐத் தெரிவுசெய்துவிட்டு, கைக்கடிகாரம் காட்டும் கலோரியையும் மறுபடி கூட்டிக்கொள்கிறவர்கள் பலர். ஒரே நடையை இருமுறை எண்ணுவதால் கழிவு முழுவதும் காணாமற்போய்விடுகிறது. 72 கிலோ உள்ளவர் 4 கிலோமீற்றர் நடந்தால் மேலதிகமாகச் செலவாவது 150 முதல் 200 கலோரி. திரும்பும் வழியில் ஒரு ரோல்ஸும் ஒரு பால் ரீயும் அதை ஈடுசெய்துவிடும். இதயத்துக்கும் தசைக்கும் உறக்கத்துக்கும் நடை அவசியம்; எனினும் அதை உணவாக மாற்றிக்கொள்ளவேண்டாம்.

சமன்பாடு தருவது ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. அது அமெரிக்காவின் நெவாடாவில் 498 பேரை அளந்து உருவாக்கப்பட்டது. அதே எடையுள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதால், நமக்கு அது சற்றுக் கூடுதலாகவே காட்டக்கூடும். உங்கள் சொந்த எண்ணை உங்கள் தராசுதான் சொல்லவேண்டும். ஐந்து கிழமை, ஒரே முறையில் அளந்து எழுதுங்கள். காலையில் மலசலம் கழித்தபின், எதுவும் உண்ணுமுன் எடை பார்த்து, கிழமைச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். உப்பும் மாதவிடாயும் ஒரு கிலோவுக்கு மேலும் ஏற்றி இறக்கும். முதற்கிழமையில் வேகமாகக் குறைவதில் பெரும்பகுதி தண்ணீரே என்பதால் அந்தக் கிழமையை விட்டுவிட்டு அடுத்த 28 நாள்களை எடுங்கள். அந்நாள்களில் சராசரியாக 1,400 கலோரி உண்டு, அரைக் கிலோ குறைந்திருந்தால், 7,700இன் பாதியான 3,850ஐ 28ஆல் வகுக்க ஏறத்தாழ 140 வரும். ஆகவே உங்கள் உண்மையான நாளாந்தச் செலவு 1,540. நீங்கள் சற்றுக் குறைத்து எழுதும் பழக்கமுடையவராயினும், தொடர்ந்து அதே விதமாக எழுதும்வரை இந்த எண் உங்களுக்குப் பயன்படும்.

கலோரியைக் குறைக்கும்போது புரதத்தைக் குறைக்கவேண்டாம். எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. மீன், முட்டை, பருப்பு, கடலை, சோயா மீற் ஆகியவற்றில் ஏதாவதொன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இது பொருந்தாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இக்கணக்கில் இறங்கவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிக்லசைட் போன்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவர்களும் மருத்துவரிடம் மருந்தளவைச் சரிபார்க்காமல் சோற்றைக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை விரதமும் சேர்ந்துகொண்டால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

சில மாதங்களில் எடை குறைவது மந்தமானால் பட்டினி கிடக்காதீர்கள். கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். மேற்சொன்ன பெண் 72இலிருந்து 64 கிலோவுக்கு வந்துவிட்டால் அவரது நாளாந்தத் தேவை 1,600இலிருந்து ஏறத்தாழ 1,500 ஆகிறது. முன்பு 300ஆக இருந்த கழிவு இப்போது 200தான். மேலும் 100ஐக் குறைத்தால் எல்லைக்கோட்டையே தொட்டுவிடுவார் என்பதால், உணவில் கைவைக்காமல், நடையை அரைமணி நேரம் கூட்டுமாறு அவரிடம் சொல்வேன்.