சாயல் ஒன்றானால் பள்ளி எளிதாகிவிடுமா?

சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து ஹாங்காங்குக்குக் குடிபெயரும் பத்து வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வீட்டுச் சாப்பாடு, பண்டிகைகள், முகச்சாயல், பேசும் காண்டனீஸ்கூட ஏறக்குறைய ஒன்றுதான். ஈராக்கிலிருந்து பின்லாந்து போகும் பிள்ளைக்குப் படாதபாடு, இந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதில் பாதிதான் உண்மை.

பண்பாட்டுத் தூரத்தை அளக்க ஓர் அளவுகோலை 1980இல் பாபிக்கர், காக்ஸ், மில்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர்களிடம் மொழி, உணவு, உடை, மதம், குடும்ப அமைப்பு, தட்பவெப்பம் எல்லாம் சொந்த நாட்டிலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றன என்று கேட்டார்கள். தூரம் கூடக்கூட மனப்பதற்றமும் மருத்துவரைத் தேடிப் போவதும் கூடின. ஆனால் தேர்வு வெற்றிக்கும் தூரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அவர்கள் பெரியவர்கள்தான். இருந்தாலும் மனச்சுமை வேறு, படிப்பு வேறு என்ற இந்தப் பிரிவு பள்ளிப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

மனச்சுமை எங்கிருந்து வருகிறது? ஆசிரியரின் கண்ணைப் பார்த்துப் பேசலாமா, புரியவில்லை என்றால் கை தூக்கலாமா, பக்கத்துப் பிள்ளையிடம் அழிப்பான் கேட்கலாமா? பழகிய ஊரில் இதெல்லாம் யோசிக்காமலே நடக்கும். புது ஊரில் ஒவ்வொன்றையும் கவனித்து, யோசித்துச் செய்ய வேண்டும். நம் மூளை ஒரு நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய தகவல் மிகக் கொஞ்சம். அதில் ஒரு பங்கை இந்தக் கவனிப்பே தின்றுவிட்டால், பின்னக் கணக்குக்கு மிஞ்சுவது குறைவு. பண்பாடு நெருக்கமாக இருந்தால் இந்தச் செலவு மிச்சமாகிறது.

சரி, அப்படியானால் ஹாங்காங் போன அந்தப் பிள்ளைக்கு என்ன குறை? சீனப் பெருநிலத்தில் சுருக்கிய எழுத்துமுறை, ஹாங்காங்கில் மரபெழுத்து. டிராகன் என்று எழுத அங்கே 5 கோடுகள், இங்கே 16. பெருநிலத்தில் பொதுவாக மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் தொடங்குகிறது, ஹாங்காங்கில் முதல் வகுப்பிலேயே. ஆங்கிலம் போதாது என்பதால் பல பிள்ளைகளை ஒன்றிரண்டு வகுப்பு கீழே சேர்க்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகூடத் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இன்னொன்று. தோற்றத்திலேயே வேறுபட்டுத் தெரியும் பிள்ளை தடுமாறினால், பாவம், புதுசு என்று ஆசிரியர் பொறுத்துக்கொள்வார். நம்மைப் போலவே இருக்கும் பிள்ளை தடுமாறினால் சோம்பேறி என்ற பெயர் வந்துவிடும். பேச்சு சரளமாக இருப்பதும் ஏமாற்றும். கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டியதுபோல், புது மொழியில் விளையாட்டுத் திடல் பேச்சு சுமார் 2 ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி கைவர 5 முதல் 7 ஆண்டு ஆகும்.

அப்புறம், சாயல் ஒன்றாக இருப்பதால் ஏளனம் குறையும் என்றும் சொல்ல முடியாது. நெருங்கிய குழுக்கள் தங்கள் தனித்தன்மை கரைந்துவிடுமோ என்று அஞ்சி அழுத்தமாகக் கோடு போட்டுக்கொள்வதுண்டு என்கிறது சமூக அடையாளக் கோட்பாடு. 2012இல் ஹாங்காங்கில், பெருநிலத்தவரை வெட்டுக்கிளிகளாகச் சித்திரித்த முழுப்பக்க விளம்பரமே நாளிதழில் வந்தது. அந்தக் காற்று வகுப்பறைக்குள் வீசாமலா இருக்கும்?

பல நாடுகளின் 15 வயது மாணவர்கள் எழுதும் பிசா என்ற சர்வதேசத் தேர்வும் 2012இல் இதையே வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. அரபு நாடுகளிலிருந்து நெதர்லாந்துக்குப் போன பிள்ளைகள், அதே நாடுகளிலிருந்து கத்தாருக்குப் போனவர்களைவிடக் கணக்கில் 77 புள்ளிகள் அதிகம் எடுத்தார்கள். குடும்ப வசதியைக் கழித்துப் பார்த்த பிறகும் இந்த இடைவெளி இருந்தது. மொழியும் மதமும் கத்தாரோடுதானே நெருக்கம்! ஈராக்கில் பிறந்த பிள்ளைகளுக்கு, இது என் பள்ளி என்ற உணர்வு டென்மார்க்கைவிடப் பின்லாந்தில் அதிகம். இந்த இரண்டு நாடுகளும் ஈராக்குக்கு ஏறக்குறைய ஒரே அளவு அந்நியம். ஆகவே பண்பாட்டுத் தூரத்தைவிடச் சேரும் பள்ளி எப்படிப்பட்டது என்பதற்கே கனம் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

ஹாங்காங் அரசு 2000இலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு 6 மாத முழுநேர அறிமுக வகுப்பை நடத்துகிறது. வழக்கமான பள்ளியில் சேர்வதற்கு முன்பே ஆங்கிலம், மரபெழுத்து, ஊர் நடைமுறை எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொள்ளலாம்.