கண்ணாடி போட்டுத் தருபவர் அதற்குப் படித்தவர்தானா? சேலத்துக்காரர்கள் பார்க்க வேண்டியவை

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர். சேலத்துக் கடை ஒன்றில் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் தோளை இறுக்கிப் பிடித்தார். "படி ரெண்டு ரெண்டா தெரியுது கண்ணு" என்றார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம் தலைவலியோடு பழகிப் பார்த்தார்.

அப்புறம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பெண், அதாவது கண்ணைச் சோதித்துப் பவர் சொல்பவர், கண்ணாடியை லென்ஸை அளக்கும் லென்சோமீட்டர் கருவியில் வைத்து, ஒவ்வொரு லென்ஸுக்கும் மையம் எங்கே என்று மையால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு அத்தையின் முகத்தில் மாட்டினார். இடது புள்ளி கண்மணிக்கு நேராக நின்றது. வலது புள்ளி 3 மில்லிமீட்டர் மேலே நின்றது. "பவர் சரியாத்தாம்மா இருக்கு, ஃபிட்டிங்தான் தப்பு" என்றார். பவரை, சென்டிமீட்டரில் சொன்ன விலகலால் பெருக்கினால், காட்சி எவ்வளவு தள்ளித் தெரியும் என்ற கணக்கு வந்துவிடும்: 6 பெருக்கல் 0.3, அதாவது 1.8 பிரிசம். ஒரு கண்ணுக்கு மட்டும் மேல்கீழாக இவ்வளவு விலகினால் படி இரண்டாகத் தெரியாமல் என்ன செய்யும்?

அந்தக் கடையை அத்தை நம்பியதற்குக் காரணம், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு சான்றிதழ். அது லென்ஸ் கம்பெனி ஒன்று தன் விற்பனையாளர்களுக்கு நடத்திய பயிற்சிக்குக் கொடுத்தது. பக்கத்தில் இருந்தவை தொழில் உரிமமும் ஜிஎஸ்டி பதிவும். கடை நடத்த அனுமதி உண்டு என்பதைத்தான் அவை காட்டும். உள்ளே இருப்பவர் என்ன படித்தார் என்று அவற்றில் ஒரு வரியும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவம் சார்ந்த 56 தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்கள் ஆணையச் சட்டம். கண் சார்ந்து அதில் மூன்று பெயர்கள் உள்ளன: ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவ உதவியாளர், விஷன் டெக்னீஷியன். சுகாதார வல்லுநர் என்ற தகுதிக்கு 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பு வேண்டும். இணை நிலைக்கு 2,000 மணி நேரமாவது படித்த டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும். மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், அதற்கொரு பதிவேடு என்பது ஏற்பாடு. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இருப்பதாகச் சொல்லிக்கொண்டால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் ஆறு மாதம் வரை சிறையும் வரலாம்.

சீட்டைப் பார்த்து லென்ஸ் வெட்டி, ஃபிரேமில் பொருத்தித் தரும் ஆப்டீசியன் அந்த மூன்றில் இல்லை. அவருக்கென்று அரசுப் பதிவேடு கிடையாது. என் அத்தைக்கு நேர்ந்த தப்பு நடப்பது சரியாக அந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால் சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இது. இருபது வருஷ அனுபவத்தில் நுணுக்கமாக வேலை செய்யும் ஆப்டீசியன்கள் சேலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும், போன மாதம் கடை திறந்தவரையும் பிரித்துக் காட்ட ஒரு நம்பர்கூட இல்லை என்பது அவர்களுக்கும் அநியாயம்தான்.

ஆகவே சோதிப்பவரையும் பொருத்துபவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம்மூரில் வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாருமே 'கண் டாக்டர்'. உண்மையில் கண் மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து, அதன் மேல் கண் மருத்துவம் படித்தவர். அவர் எழுதும் சீட்டில் பதிவு எண் இருந்தாக வேண்டும். அந்த எண்ணையோ பெயரையோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். அதற்கான பி.ஆப்டம் என்பது ஒரு வருட இன்டர்ன்ஷிப்போடு சேர்ந்த பட்டப்படிப்பு. தபாலில் படித்தேன் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்தச் சட்டத்தில் வரும் படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025-ல் யுஜிசி உத்தரவே போட்டுவிட்டது. ஆப்டோமெட்ரி கவுன்சில் ஆஃப் இந்தியா பதிவு வைத்திருந்தால் நல்ல அடையாளம்தான். ஆனால் அது தொழில் செய்பவர்கள் தாமாகச் சேரும் அமைப்பு, அரசு உரிமம் ஆகாது.

பொருத்துபவருக்கு நம்பர் இல்லாததால் அவர் வேலையைத்தான் சோதிக்க முடியும். ஃபிரேம் தேர்ந்தெடுத்ததும் இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரத்தை, கடைக்காரர்கள் பி.டி. என்பார்களே அதை, அளக்கிறாரா என்று கவனியுங்கள். பவர் அதிகமானவர்களுக்கும் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் லென்ஸ் போடுபவர்களுக்கும் ஃபிரேமுக்குள் கண்மணி நிற்கும் உயரமும் அளக்க வேண்டும், அதுவும் ஃபிரேமை முகத்தில் மாட்டிய பிறகு. அளவுகளைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணாடி தயாரானதும், "மையத்துல புள்ளி வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் முகம் சுளிக்காமல் செய்வார், ஒரு நிமிடம்கூட ஆகாது.

மலைக் கிராமங்களுக்கு வேனில் வந்து 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' செய்து கண்ணாடி விற்பவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மெஷின் துப்பும் சீட்டு வெறும் தொடக்கக் கணக்கு. அதை வைத்து ஆள் உட்கார்ந்து, லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்டுச் சரிபார்த்தால்தான் அது பவர். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கீழே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசம். வகுப்பாசிரியரிடம் கேட்டாலே போதும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பவர் கண்ணாடிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதை மிச்சம் பிடிக்கப் போய் ஆதாரத்தை இழக்க வேண்டாம். கடை ஒத்துவராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதிலும் நடக்காவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். படிக்காமலே டாக்டர் என்று போர்டு மாட்டி வைத்தியம் பார்ப்பவர் மீது மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலும் கொடுக்கலாம்.

அத்தையின் கடைக்காரர், பில்லையும் புள்ளி வைத்த கண்ணாடியையும் ஒன்றாகக் காட்டியதும் பேசாமல் லென்ஸை மாற்றித் தந்தார். வாங்கிக்கொண்டு கிளம்பப் போன என்னை அத்தை நிறுத்தினார். கடைக்காரரிடம், "இதுலயும் புள்ளி வச்சுக் காட்டு சாமி" என்றார். வைத்துக் காட்டினார்.