டியூப் போட்டால்தான் சிகிச்சையா?

மயக்கவியல் மருத்துவராக மூச்சுப்பாதைப் பயிற்சி வகுப்புகள் எடுக்கிறேன். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடத் தொண்டையைத் திறந்து காட்டும் லாரிங்கோஸ்கோப் வைத்திருக்கும் மேசையைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம். மாஸ்க் வழியாகக் காற்றுக் கொடுக்கக் கையால் அழுத்தும் ஆம்பு பை மேசையில் ஆளே இருக்காது. இதயம் நின்றவருக்கு டியூப் போட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழம்.

இங்கிலாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஏர்வேஸ்-2 ஆய்வை இதற்காகவே வகுப்பில் சொல்வேன். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன 9,296 பேர். சிலருக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட முயன்றார்கள்; மற்றவர்களுக்குக் குரல்வளைக்கு மேலே பொருந்தும் ஐ-ஜெல் என்ற மூச்சுக் கருவி. வெறுமனே உயிர் பிழைத்தவர்களை அவர்கள் எண்ணவில்லை. துணையில்லாமல் நடக்கும் அளவுக்காவது தேறியவர்களை எண்ணினார்கள். ஐ-ஜெல்லில் 6.4 சதவீதம், டியூபில் 6.8. பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் முதல் இரண்டு முயற்சிக்குள் காற்று உள்ளே போனது ஐ-ஜெல்லில் 87 சதவீதம் பேருக்கு, டியூபில் 79.

இதயம் நின்றபின் மூளைக்கு ரத்தம் போவது நாம் நெஞ்சை அழுத்துவதால் மட்டுமே. கையை எடுத்ததும் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதை மீண்டும் ஏற்ற நெஞ்சைப் பலமுறை அழுத்த வேண்டும். அமெரிக்காவில் 100 நோயாளிகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், டியூபுக்காக நெஞ்சழுத்தம் நின்ற நேரம் பாதிப் பேருக்கு மொத்தம் 109 விநாடிக்கும் மேல்! ஐந்து விநாடிக்குள் முடிய வேண்டிய இடைவெளி அது.

டியூப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை பழகியவர் போடட்டும். போட்டபின், வெளிவரும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராபில் அலை வரவில்லையா, டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் முதலில் மாஸ்க்கைப் பிடிக்கப் பழகுங்கள்: ஒருவர் இரண்டு கையாலும் தாடையைத் தூக்கி மாஸ்க்கைப் பொருத்த, இன்னொருவர் நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு மட்டும் பையை அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி மேலேறும்.

அப்புறம், பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள். மறதி, கவனச்சிதறல், தீராத களைப்பு, எரிச்சல் எல்லாம் இவர்களிடம் சகஜம்; பலர் அதை வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்குள் நினைவாற்றலையும் மனநிலையையும் சோதிக்கச் சொல்கிறது 2021 ஐரோப்பிய வழிகாட்டுதல். அந்தச் சோதனைக்கு வரும்போது வீட்டில் ஒருவரையும் கூட்டி வரச் சொல்வேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்பார் நோயாளி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவதை மனைவிதான் சொல்வார்.